மரம் அறுக்கும் தொழில்: கொஞ்சப் பணத்தில் இறங்குவோர் முதலில் வாங்க வேண்டியது என்ன?

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூருக்கு அப்பால் இருக்கிறது கௌதள்ளி. 1956-ம் ஆண்டு வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாம்ராஜ்நகர் தனி மாவட்டம் ஆனபோது அதனுடன் போயிற்று. இங்கு கன்னடமும் தமிழும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன.

மழையை நம்பிய நிலங்கள் நிறைந்த பகுதி இது. மழை பொய்த்தால் வாலிபர்கள் கூலி வேலை தேடி வெளியூர் போகவேண்டியதுதான். "மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினால் ஊரிலேயே பிழைக்கலாமே" என்ற எண்ணம் அப்படிப்பட்டவர்களுக்கு வருவது இயல்பு. தோட்டத்து மரம், வேலியோர மரம், காற்றில் சாய்ந்த மரம் என்று வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

முதலில் அனுமதி

மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயமும், காவிரி வனவிலங்கு சரணாலயமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. காவிரி சரணாலயம் 1987-லும், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம் 2013-லும் அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் அவற்றுக்குள் ஒரு கிளையை வெட்டினாலும் குற்றம். 1963-ம் ஆண்டு கர்நாடக வனச் சட்டப்படி, வன குற்றத்தில் பிடிபட்டால் கருவியும் வண்டியும் பறிமுதல் ஆகலாம். கடன் வாங்கி வாங்கிய மெஷின் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும்.

பட்டா நிலத்து மரத்துக்கும் சட்டம் உண்டு. 1976-ம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பெரும்பாலான மரங்களை வெட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். யூகலிப்டஸ், சவுக்கு, சில்வர் ஓக், சுபாபுல், தென்னை போன்ற சில மரங்களுக்கு விலக்கு இருக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் இவற்றில் தொடங்குவது நல்லது. மற்ற மரம் என்றால், நிலத்துக்காரர் அனுமதித் தாளைக் கையில் கொடுத்த பிறகே மெஷினைத் தொடவேண்டும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றத் தனிச் சீட்டு வேண்டுமா என்பதையும் ரேஞ்ச் அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தன மரத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. 2001-ல் வந்த திருத்தத்தின்படி, நிலத்தில் வளரும் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால், இஷ்டப்படி வெட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பன் நடமாடிய காடு இது. அந்தக் காலத்தில் கூலிக்குச் சந்தன மரம் வெட்டப் போய் வழக்கில் சிக்கிய குடும்பங்களின் கதை இங்கு எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து உடம்பு

அனுமதிக்கு அடுத்தபடியாக வாங்கவேண்டியது மெஷின் அல்ல. தலைக்கவசம், முகத்தை மறைக்கும் வலை, காது மூடி, கெட்டியான பூட்ஸ், காலுக்கு உறை. இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். தினமும் கேட்டால் காது மந்தமாகும். கால் உறைக்குள் நீண்ட நூலிழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. செயின் பட்டவுடன் இழைகள் வெளியே வந்து பல்லில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக அறுப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது.

பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான் கட்டணம். விபத்தில் இறந்தாலோ, முழு ஊனம் அடைந்தாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். இதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு மெஷின்

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் செயின் ரம்பத்தைச் செய்தார். அதைப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டும். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழு இடமும் வலமுமாகக் கடிப்பதைக் கவனித்தார். அதேபோல் பல் வைத்து 1947-ல் புதிய செயினை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இன்றைய செயின்களின் பல் அந்த வழியில் வந்ததுதான்.

தொடக்கக்காரருக்கு 16 அங்குலம் அல்லது 18 அங்குல பார் உள்ள மெஷின் போதும். விலை மலிவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. செயின், ஸ்பார்க் பிளக், பில்ட்டர் ஆகியவை கொள்ளேகாலிலோ மைசூரிலோ கிடைக்குமா என்று விசாரித்து வாங்க வேண்டும். பழைய மெஷின் வாங்கினால், செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மெஷினோடு ஓர் உருண்டை அரமும் வாங்க வேண்டும். கூர்மையான செயின் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மாவு மாதிரித் தூள் வந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு அழுத்தி அறுத்தால் எஞ்சின் சூடாகும், கையும் சோரும். டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலக்கும் அளவு மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றினால் பிஸ்டன் போய்விடும்.

சாய்க்கும் முறை

மெஷின் வாங்கிய மறுநாளே பெரிய மரத்துக்குப் போகக் கூடாது. சில மாதமாவது தேர்ந்த ஆளிடம் கயிறு பிடித்து, கிளை கழித்துப் பழக வேண்டும். கீழே கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவது முதல் பாடம்.

நிற்கும் மரம் என்றால், விழவேண்டிய பக்கம் அடிமரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை வாய் வெட்டி எடுப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கம், அதைவிடச் சற்று உயரத்தில் அறுத்து வருவார்கள். முழுதும் அறுத்துவிடக் கூடாது. பத்தில் ஒரு பங்கு கட்டையை விட்டுவைக்க வேண்டும். 20 அங்குல மரத்துக்கு 2 அங்குலம். கதவுக்குக் கீல் போல மரத்தைப் பிடித்து, குறித்த பக்கம் இறக்குவது அந்தக் கட்டைதான்.

மரம் சாயத் தொடங்கியதும் நேர் பின்னால் ஓடக் கூடாது. அடிமரம் பின்னால் உதைக்கும். பின்பக்கம் சாய்வாக விலக ஒரு வழியை முன்பே செத்தை நீக்கி வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். பாரின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் எகிறி முகத்தை நோக்கி வரும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால், மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தாமல் தொடவே கூடாது. தனி ஆளாக எந்த மரத்துக்கும் போகக் கூடாது.

அனுமதி, கவசம், காப்பீடு, அரம் ஆகியவற்றை வாங்கிய பிறகு மெஷினுக்குப் பணம் போதாவிட்டால் ஒரு பருவம் பொறுக்கலாம். அதுவரை தேர்ந்த ஆளிடம் கூலிக்குப் போனால் தொழிலும் படியும், பணமும் சேரும்.