சிற்றம்பல மேடையில் ஒரு பலகை

சிதம்பரத்தில் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கச் சொல்லி ராஜராஜன் கேட்டானாம். பாடிய மூவரும் வந்து கேட்டால் திறக்கிறோம் என்றார்களாம் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் கோபப்படவில்லை. மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து வாசலில் நிறுத்தினான். கதவு திறந்தது, உள்ளே பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது. அரசன் கேட்டும் முடியாது என்றவர்களுக்குத் தண்டனை எதுவும் கதையில் இல்லை.

1951இல் சென்னை அரசு அதே சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு நிர்வாக அதிகாரி ஒருவரை நியமித்தது. தில்லைவாழ் அந்தணர் வழிவந்த பொது தீட்சிதர்கள் மல்லுக்கு நிற்கவில்லை, வக்கீல் வைத்தார்கள். இவர்கள் தனி சமயப் பிரிவினர், அரசமைப்பின் 26ஆம் பிரிவு தரும் சமய நிர்வாக உரிமை இவர்களுக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஆணையைத் தானே திரும்பப் பெற்றது. அன்று விசாரணைக்கு உள்ளானது ஆணைதான். எந்தத் தீட்சிதரும் காவல் நிலையப் படியேற வேண்டியிருக்கவில்லை.

2008இல் அது மாறியது. சிற்றம்பல மேடையில், அதாவது கனகசபையில், தேவாரம் பாடலாம் என்று அரசாணை வந்தது. மார்ச் 2ஆம் தேதி ஓதுவார் ஆறுமுகசாமி பாடப் போனார். முதியவர், கூடவே போலீஸ் காவல். தீட்சிதர்கள் மறித்தார்கள், தள்ளுமுள்ளு, கைது. கரையானிடமிருந்து மீட்ட பதிகத்தை அதே கோயிலில் பாட ஒருவருக்குக் காக்கிச் சட்டை துணை வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் இது ஜீரணமாகவில்லை.

மறு ஆண்டு கோயில் நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. சீர்கேடு இருந்தால் அதைச் சரிசெய்யும் காலத்துக்கு மட்டுமே அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், நிரந்தரமாக உட்கார முடியாது என்றது தீர்ப்பு. நியாயம்தான். ஆனால் அது காத்தது நிர்வாக உரிமையை. ஆளைப் பிடித்துத் தள்ளும் கையை அல்ல. அரசும் இதைப் புரிந்துகொண்டது போலிருக்கிறது. சாவிக்கொத்தை விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டது.

கொரோனாவைக் காரணம் காட்டிக் கனகசபையில் பக்தர்கள் ஏறுவதைத் தீட்சிதர்கள் நிறுத்தியிருந்தார்கள். நோய் தணிந்தும் தடை தணியவில்லை. 2022 மே மாதம், ஏறி வழிபடலாம் என்று அரசாணை வந்தது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது, திருவிழா நாட்களில் யாரும் ஏறக்கூடாது என்று ஒரு பலகை முளைத்தது. அறநிலையத்துறை அதிகாரிகள் போலீசோடு வந்து அதை அகற்றினார்கள். பணி செய்யவிடாமல் தடுத்ததாகத் தீட்சிதர்கள் மேல் வழக்கு பதிவானது. எழுபது ஆண்டுகளுக்கு முன் சட்டக் கேள்வியாக இருந்தது இப்போது குற்ற எண்.

ஆனி, மார்கழித் தரிசனங்கள் நெருங்கினால் வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் தேர் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். இப்போது கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள்: "மேல ஏற விடுறாங்களா?"