ஊருக்கு வந்த அம்மா திரும்பிப் போக முடியுமா?

விமானம் நியூயார்க்கில் இறங்குகிறது. பயணிகள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு அம்மாள். வயது 68. கும்பகோணத்துக்காரர். பெட்டியில் பேத்திக்குப் பட்டுப் பாவாடை இருக்கிறது. மகனுக்குச் சுண்டைக்காய் வற்றல் இருக்கிறது. கையில் ஒரு சிறிய அட்டை. நம் ஆதார் அட்டை அளவுதான் இருக்கும்.

அதிகாரி அந்த அட்டையை வாங்கிப் பார்க்கிறார். தமிழ் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு கேள்வி கேட்கிறார்.

"எத்தனை நாள் ஊரில் இருந்தீர்கள்?"

"பத்து மாதம் ஐயா."

"அதற்கு முந்தின வருஷம்?"

"அப்போதும் ஊரில்தான். நடுவில் ஒரு மாதம் இங்கே வந்து போனேன்."

"உங்கள் வீடு எங்கே இருக்கிறது?"

அம்மாள் யோசிக்கவே இல்லை. "கும்பகோணத்தில்" என்று சொல்லி விட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லால் கையில் உள்ள அட்டைக்கே ஆபத்து வந்து விட்டது!

இந்த அம்மாள் கற்பனை. ஆனால் அந்தக் கேள்விகள் கற்பனை அல்ல. அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் எத்தனையோ தாய் தந்தையர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன கேள்வி வரும், ஏன் வரும் என்பது தெரியாமலே அவர்கள் விமானம் ஏறுகிறார்கள்.

பச்சை அட்டை

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அந்நாட்டு சர்க்கார் கொடுப்பது இந்த அட்டை. 'கிரீன் கார்டு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் இது பச்சை நிறத்தில் இருந்தது. 1964ம் ஆண்டுக்குப் பிறகு நிறம் பல முறை மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. 2010ல் மறுபடியும் பச்சைக்கே வந்து விட்டது.

தாய் தந்தையருக்கு இந்த அட்டையை எல்லாப் பிள்ளைகளும் வாங்கித் தர முடியாது. பிள்ளை அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். பிள்ளையிடம் பச்சை அட்டை மட்டும் இருந்தால் போதாது. அப்பாவுக்குத் தனி மனு, அம்மாவுக்குத் தனி மனு போட வேண்டும். "இவர்களை நான் காப்பாற்றுவேன்" என்று ஜாமீன் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பு தாய் தந்தையருக்குக் கிடையாது. ஆகையால் அண்ணன் தம்பிக்குக் கேட்பதைவிட இது சீக்கிரம் கிடைக்கிறது.

சீக்கிரம் கிடைப்பதால்தான் பல பிள்ளைகள் முதலில் அட்டையை வாங்கி விடுகிறார்கள். "அம்மா, உனக்கு இங்கே இருக்க இஷ்டமா?" என்று கேட்பது அதற்குப் பிறகுதான். சில வீடுகளில் கேட்பதே இல்லை!

"ஆறு மாதத்துக்கு ஒரு தடவை"

"ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அமெரிக்க மண்ணை மிதித்து விட்டு வந்தால் போதும். அட்டை போகாது." இப்படிப் பலர் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார். கோவில் பிராகாரத்தில் பார்க்கிறவர் சொல்லுவார். டிக்கெட் வாங்கித் தருகிறவரும் சொல்லுவார்.

இது தவறு.

ஆறு மாதம் என்ற கணக்கு சட்டத்தில் இருப்பது மெய்தான். ஒருவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்து விட்டுத் திரும்பினால், அவரைப் புதிதாக வருகிறவரைப் போல் நிறுத்தி விசாரிக்கலாம். ஓர் ஆண்டு என்ற கணக்கும் இருக்கிறது. ஓர் ஆண்டு, அல்லது அதற்கு மேல், வெளியே இருந்து விட்டால் அந்த அட்டையை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது.

இந்த இரண்டு கணக்கையும் சரியாகக் கடைப்பிடித்தாலும் அட்டை போகலாம். எப்படி?

அட்டை கொடுத்திருப்பது அமெரிக்காவில் குடியிருப்பதற்கு. வந்து வந்து போவதற்கு அல்ல. வெளியூர்ப் பயணம் தற்காலிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சாரம். குடித்தனம் கும்பகோணத்தில், விருந்துக்குப் போவது அமெரிக்காவுக்கு என்று ஆகி விட்டால், "நீங்கள் குடியிருப்பைக் கைவிட்டு விட்டீர்கள்" என்று சொல்ல சர்க்காருக்கு வழி இருக்கிறது. அட்டையில் இன்னும் எட்டு வருஷம் பாக்கி இருக்கலாம். அட்டை செல்லும் என்பது வேறு. உரிமை செல்லும் என்பது வேறு.

ஜமைக்கா பெண்மணி

1975ல் தீர்ப்பான ஒரு வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஜமைக்கா நாட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வழக்கு அது. அவருக்கு அமெரிக்காவில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் ஜமைக்காவில் அவருக்கு ஒரு விடுதி இருந்தது. அதை நடத்திக் கொண்டு ஆண்டில் பெரும் பகுதியை அங்கேயே கழித்தார். ஆண்டுக்கு ஒரு தடவை அமெரிக்காவுக்கு வந்து, ஒரு மாதம் இருந்து விட்டுப் போவார்.

வருஷா வருஷம் தவறாமல் வந்தாரே, அது போதாதா? போதாது என்று முறையீட்டு மன்றம் சொல்லி விட்டது. அவருடைய வாழ்க்கை இருந்தது ஜமைக்காவில் என்பதைத்தான் மன்றம் பார்த்தது.

விடுதி இருந்த இடத்தில் நம் கும்பகோணம் வீட்டை வைத்துப் பாருங்கள். சங்கதி புரிந்து விடும்.

அதிகாரிகளும் நீதிபதிகளும் பார்ப்பது இவற்றைத்தான். எதற்காக ஊருக்குப் போனார்? அந்தக் காரியம் எப்போது முடியும் என்று தெரியுமா? அவர் வீடு, வேலை, உறவு, வங்கிக் கணக்கு எல்லாம் எங்கே இருக்கின்றன? "திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நடந்த காரியங்கள் அந்த நினைப்பைக் காட்ட வேண்டும்.

மகள் பிரசவத்துக்காக அம்மா ஊருக்கு வருகிறார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்புகிறார். இதில் தொல்லை இல்லை. காரணம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. பிரசவம் முடிந்தது, பிறகு ஆயுஷ்ய ஹோமம் வந்தது, பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பிறகு தை பிறந்தது. இப்படி நீண்டு கொண்டே போனால்தான் வம்பு.

இரண்டு வருஷ அனுமதி

ஊரில் நீண்ட நாள் தங்க வேண்டிய அவசியம் முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. 'மறு நுழைவு அனுமதி' என்று ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அது கையில் இருந்தால், "இத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்" என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்க மாட்டார்கள்.

இதில் பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பம் போடும் நாளில் அம்மா அமெரிக்காவில் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் உட்கார்ந்து கொண்டு மகனை விட்டு விண்ணப்பம் போடச் சொல்ல முடியாது. கைரேகை வைக்கவும் அங்கே அழைக்கலாம். அதற்குப் பிறகு ஊருக்குப் புறப்படலாம். அனுமதிப் புத்தகத்தை வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பும்படி கேட்டு, அங்கே வாங்கிக் கொள்ளலாம்.

இந்த அனுமதியை நீட்டிக்க முடியாது. திரும்பிப் போய்ப் புதிதாகத்தான் கேட்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் நான்கு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தவருக்குப் பொதுவாக ஓர் ஆண்டுக்குத்தான் கொடுப்பார்கள். இந்தப் புத்தகம் இருந்தாலும் குடியிருப்பைக் கைவிடவில்லை என்பது உண்மையாக இருக்க வேண்டும்.

காலம் கடந்து விட்டால்?

அம்மா ஊரில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து விட்டது. ஓர் ஆண்டு தாண்டி விட்டது. அனுமதிப் புத்தகமும் இல்லை. என்ன செய்வது?

'திரும்பும் குடியிருப்பாளர் விசா' என்று ஒன்று உண்டு. தூதரகத்தில் கேட்க வேண்டும். புறப்பட்டபோது நிரந்தரக் குடியுரிமை இருந்தது, திரும்பும் எண்ணத்தோடுதான் புறப்பட்டார், தாமதம் அவர் கையில் இல்லாத காரணத்தால் வந்தது என்று மூன்றையும் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி சீட்டு, டாக்டர் கடிதம், ரத்தான விமான டிக்கெட் எல்லாம் உதவும். 2020ம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவுக்காக இந்தியாவில் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கமான போக்குவரத்து 2022 மார்ச்சில்தான் திரும்பியது. அப்போது இங்கே மாட்டிக் கொண்ட பெற்றோர் பலர். பழைய டிக்கெட்டைக் கிழித்துப் போடாதவர்கள் புத்திசாலிகள்.

இந்த விசாவும் கிடைக்கவில்லை என்றால் மகன் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டியதுதான்.

கையெழுத்து

விமான நிலையத்தில் அதிகாரி ஒரு தாளை நீட்டலாம். "அட்டையை நானே விருப்பப்பட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளின் எண் ஐ-407. நீண்ட பயணம், தூக்கம் இல்லை, மொழி தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டு விட்டு நிற்கும் அம்மாக்கள் உண்டு.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட மறுத்தால் வழக்கை நீதிபதி விசாரிக்க வேண்டும். குடியிருப்பைக் கைவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று பத்திரம் எழுதும் ஆபீசில் நாம் ஜாக்கிரதையாக இருக்கிறோம் அல்லவா? அதே ஜாக்கிரதை அங்கேயும் வேண்டும்.

பொய் மட்டும் சொல்லக் கூடாது. போன நாளும் வந்த நாளும் அவர்கள் கணக்கில் இருக்கின்றன.

வரிக் கணக்கு

இதைப் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்வதே இல்லை. பச்சை அட்டை உள்ளவர், உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்க சர்க்காருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கும்பகோணம் வீட்டு வாடகை, வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி எல்லாம் இதில் சேரும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். ஆனால் கணக்குக் காட்டாமல் இருக்கக் கூடாது. வெளிநாட்டு வங்கிகளில் உள்ள மொத்தப் பணம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

"நான் அமெரிக்காவில் குடியிருப்பவன் அல்ல" என்று சொல்லி வரிக் கணக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வரி மிச்சமாகலாம். ஆனால் குடியிருப்பைக் கைவிட்டதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி ஆகி விடும்!

பிரஜா உரிமை வாங்கி விட்டால்?

அமெரிக்கப் பிரஜை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஊரில் இருக்கலாம். திரும்பும்போது கேள்வி இல்லை. அதனால் சிலர், "ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக் கொண்டு இரு அம்மா" என்கிறார்கள்.

ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். அதில் குறைந்தது 30 மாதம் உடலோடு அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போனால் தொடர்ச்சி அறுந்ததாக எண்ண இடம் உண்டு. ஓர் ஆண்டு போனால் அறுந்தே விடும். மறு நுழைவு அனுமதி இதற்கு உதவாது. பிறகு ஆங்கிலத்தில் பரீட்சை இருக்கிறது. 55 வயது ஆகி, பச்சை அட்டையோடு 15 வருஷம் அங்கே வாழ்ந்தவர்கள் ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிலாகத் தாய்மொழியில் பதில் சொல்லலாம். 66 வயதில் அட்டை வாங்கிய நம் அம்மாளுக்கு அது எப்போது வரும்? இன்னொன்று: அமெரிக்கப் பிரஜை ஆனால் இந்தியப் பிரஜா உரிமை போய் விடும். இந்தியா இரட்டைப் பிரஜா உரிமை தருவதில்லை.

அட்டை இல்லாமலும் போகலாம்

என் அபிப்பிராயத்தைச் சொல்லி விடுகிறேன். ஆண்டுக்கு மூன்று மாதம் பேரனைப் பார்த்து விட்டு வருவதற்குப் பச்சை அட்டை தேவை இல்லை. சுற்றுலா விசா போதும். இந்தியர்களுக்கு அது வழக்கமாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க விடுகிறார்கள். அட்டையை முறைப்படி ஒப்படைத்து விட்டு விசா கேட்பவர்களும் உண்டு. விசா கட்டாயம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகையால் ஒப்படைக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்டுக் கொள்வது நல்லது.

தனியாக இருக்கும் அம்மா, உடம்பு முடியாத அப்பா, ஊரில் வேறு பிள்ளை இல்லை என்றால் கதை வேறு. அவர்களுக்கு அட்டை வேண்டும். அப்படியானால் குடித்தனமும் அங்கே மாற வேண்டும்.

நம் கும்பகோணத்து அம்மாள் என்ன ஆனார்? அந்த அதிகாரி, "இனி இப்படிச் செய்யாதீர்கள்" என்று எச்சரித்து உள்ளே விட்டு விட்டார். வீட்டுக்குப் போனார். குளித்து, சாப்பிட்டு, பேத்திக்குப் பட்டுப் பாவாடை கட்டிப் பார்த்தார். இரவு மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வியை அன்று கேட்டான்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. உனக்கு எங்கே இருக்க இஷ்டம்?"

அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இந்த ஆடி வரைக்கும் இங்கேயே இருக்கிறேனப்பா" என்றார். "அப்புறம் கேளு."