புடவை கட்டிய எஜமானரை நாய்க்கு அடையாளம் தெரியுமா?

கரமனை ஆற்றங்கரைப் பக்கம் மூன்று பசுக்கள் வைத்துப் பால் வியாபாரம் செய்கிறார் ஓர் அண்ணாச்சி. சொந்த ஊர் செங்கோட்டை. காலை டூட்டிக்குப் புறப்படும் நாட்களில் அவர் வீட்டில் பால் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஸ்டேஷனுக்குப் போவது வழக்கம். ஒரு நாள் விடியற்காலையில் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தவன் திடுக்கிட்டுப் போனேன். நூல் புடவை கட்டி, முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் உருவம் குத்துக்காலிட்டுப் பால் கறந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் முகத்தில் முறுக்கு மீசை!

"அண்ணாச்சி, இதென்ன கோலம்?"

"தம்பி, சத்தம் காட்டாதே. இப்பத்தான் சொரப்பு விட்டிருக்கு."

விஷயம் இதுதான். மகளுக்குப் பிரசவம். அவர் மனைவி செங்கோட்டைக்குப் போய்விட்டார். கறவை எப்போதும் அந்த அம்மாள் கைதான். அண்ணாச்சி உட்கார்ந்த முதல் நாள் பசு செம்பை உதைத்துத் தள்ளியது. மறுநாள் உதைக்கவில்லை, ஆனால் பாலை அடக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மலையாளக் கிழவி ஒருத்தி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "அவளுடைய புடவையை உடுத்துக்கொண்டு உட்கார்" என்று யோசனை சொன்னாளாம். வேறு வழியில்லாமல் உடுத்தினார். பசு பால் விட்டது.

இதைக் கேட்டு நகரத்து வாசகர்கள் சிரிக்கலாம். மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சரி, இங்கேயும் சரி, பெண் கை பழகிய மாட்டிடம் ஆண்பிள்ளை புடவை சுற்றிக்கொண்டு போவது பழைய தந்திரம்.

ஆனால் அண்ணாச்சி சொன்ன இன்னொரு விவரம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாலைந்து நாள் கழித்துப் புடவை அழுக்காகிவிட்டதென்று சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து உடுத்திப் போனாராம். அன்றைக்கு மாடு மறுபடியும் உதைத்தது! மனைவி கட்டிப்போட்டிருந்த துவைக்காத புடவை ஒன்றைத் தேடி எடுத்த பிறகுதான் சமாதானமாயிற்றாம்.

மாடு ஏமாந்ததா?

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். கன்று முட்டும்போதோ, பழகிய கை மடியில் படும்போதோ பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. அது மடியை அடைந்ததும் பால் இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிஷங்கள்தான். அதற்குள் கறந்துவிட வேண்டும். பயமோ கலக்கமோ ஏற்பட்டால் அட்ரினலின் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். மடியில் பால் இருக்கும், ஆனால் வராது. "மாடு வேண்டுமென்று அடக்குகிறது என்பதெல்லாம் நம் பேச்சு. அதற்குப் பயம், அவ்வளவுதான்" என்றார்.

புடவையைப் பார்த்து மனைவி என்று மாடு நம்பிவிட்டதா என்று கேட்டேன். "யார் என்று அது ஏன் தீர்மானிக்க வேண்டும்? தினம் பார்க்கும் உருவம், தினம் வரும் வாசனை. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அதற்குப் போதும்" என்றார். துவைத்த புடவையின் மர்மம் அப்போது விளங்கியது.

மணி செய்த ஆர்ப்பாட்டம்

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். நடிகையை வரவழைக்கப் பணமில்லை. மெலிந்த உடம்பு என்ற ஒரே தகுதியால் கதாநாயகியின் தாயார் வேஷம் என் தலையில் விழுந்தது. புடவையில் நடந்து பழக வேண்டுமென்று டைரக்டர் உத்தரவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே ஒத்திகை.

எங்கள் வீட்டு நாய் மணி சாதாரண நாட்டு நாய். நான் புடவை, டோப்பா, கண்ணாடி வளையல் சகிதம் உள்ளறையிலிருந்து வந்தேன். மணி காதை விறைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. உடனே குரைக்க ஆரம்பித்தது. அந்தக் குரைப்பு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "டேய் மணி, நான்தாண்டா" என்றேன். குரைப்பு நின்றது. வால் ஆடியது. ஆனாலும் முழு நம்பிக்கை வரவில்லை. கிட்டே வந்து பாதத்தை முகர்ந்தது, முழங்கையை முகர்ந்தது, முந்தானையை முகர்ந்தது. பிறகு 'இவனா?' என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டது. என் மனைவி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது தனிக்கதை.

மணிக்குக் கடைசிவரை பகையாக இருந்தது டோப்பா ஒன்றுதான். கழற்றி நாற்காலியில் வைத்தால் அதைப் பார்த்து உறுமும். பூனையோ நான் வேஷ்டி கட்டினாலும் புடவை கட்டினாலும் தலையைக்கூடத் தூக்கவில்லை. பூனைக்கு என்மீது அவ்வளவுதான் மரியாதை.

நாய்க்கு முதலில் எட்டுவது தூரத்தில் தெரியும் உருவமும் நடையும். புடவை கட்டினால் காலடி குறுகிவிடுகிறது, டோப்பா வைத்தால் தலையின் அளவே மாறிவிடுகிறது, வளையல் வேறு சத்தம் போடுகிறது. வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நாய் குரைப்பதில் தவறே இல்லை. குரல் கேட்டதும் பாதிச் சந்தேகம் தீர்கிறது. மீதியைத் தீர்ப்பது மூக்கு. நம் கண் காணும் நிறங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் தெரியும். புடவை என்ன நிறம் என்பது அதற்குப் பெரிய சங்கதி அல்ல.

காக்கையும் எலியும் யானையும்

எல்லாப் பிராணிகளும் மூக்கை நம்புவதில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006ல் ஒரு காரியம் செய்தார். ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார். அதன்பிறகு அந்த முகமூடியை யார் போட்டு வந்தாலும், ஆணோ பெண்ணோ, நெட்டையோ குட்டையோ, காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தித் துரத்தின. வேறு முகமூடி போட்டவர்களை விட்டுவிட்டன. வருஷங்கள் கழிந்தும் அவை மறக்கவில்லை. ஆகவே காக்கையிடம் தப்ப வேண்டுமானால் முகத்தை மாற்றினால் போதும், புடவை தேவையில்லை!

எலியின் கதை நேர் எதிர். கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2014ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஆண்கள் உடுத்திய பனியன் பக்கத்தில் கிடந்தாலே ஆய்வுக்கூட எலிகளுக்குக் கலக்கம் ஏற்படுவதைக் கண்டார்கள். பெண்கள் உடுத்திய பனியனால் அப்படி ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் கலக்கம் தணிந்தது. செங்கோட்டை அண்ணாச்சியின் தொழுவத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதானே என்று எனக்குத் தோன்றியது.

யானையை ஏமாற்றுவதுதான் கஷ்டம். கென்யாவில் அம்போசெலி காட்டு யானைகளுக்கு மசாய் இனத்து ஆண்களிடம் பயம் உண்டு. ஈட்டியால் குத்துபவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சை ஒலிபெருக்கியில் கேட்டதும் யானைகள் ஒன்றுகூடிப் பின்வாங்கின. மசாய் பெண்கள், சிறுவர்கள் குரலுக்கு அவ்வளவு பயமில்லை. ஆண் குரலைக் கருவியால் பெண் குரல்போல் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். யானைகள் ஏமாறவில்லை! 2014ல் வெளிவந்த செய்தி இது. ஸ்திரீபார்ட் நடிகரின் குரலில் மயங்கிய நம் முன்னோர்கள் இந்த யானைகளிடம் பாடம் கேட்க வேண்டியதுதான்.

ஸ்திரீபார்ட் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்ற டி.கே. சண்முகம் 1912ல் பிறந்தது இந்தத் திருவனந்தபுரத்தில்தான். இங்குள்ள தமிழர்களிலேயே பலருக்கு இது தெரியாது. 1996ல் வந்த சினிமாவின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெண் வேஷத்துக்கு இந்தப் பக்கத்தில் கோயில் மரியாதையே உண்டு. கொல்லத்துக்கு வடக்கே சவறாவில் கொற்றங்குளங்கரை தேவி கோயில். மீன மாதம் பத்து, பதினோராம் தேதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, நகை பூட்டி, விளக்கேந்தி நிற்பார்கள். சமயவிளக்கு என்று பெயர். போலீஸ்காரர், வக்கீல், கப்பலில் வேலை செய்பவர் யாரும் விலக்கில்லை. மாடு மேய்த்த சிறுவர்கள் பெண்களைப்போல் உடுத்து அந்த இடத்துக் கல்லுக்குப் பூஜை செய்ததுதான் ஆரம்பம் என்பது ஐதீகம். அன்று ராத்திரி அங்கே எந்த ஆணையும் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மனைவியே பொட்டு வைத்துவிடுகிறாள், தாயே கொண்டை போட்டுவிடுகிறாள்.

வீட்டுக்குள் என்றால்?

கதவைச் சாத்திக்கொண்டு

மணியின் கதையை ஒரு நாள் கேன்டீனில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மறுநாள் ஒரு நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கே வேலை, எந்தப் பிரிவு என்பதெல்லாம் வேண்டாம். நம்மவர், நடுத்தர வயது, கல்யாணமானவர், ஒரு பிள்ளை.

"நீங்க நாடகத்துக்காகக் கட்டினீங்க, சார். நான் நாடகம் இல்லாமலே கட்டுறேன்" என்றார்.

மனைவியும் பிள்ளையும் ஊருக்குப் போகும் நாட்களில், ஜன்னலைச் சாத்திவிட்டு, புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ரேடியோ கேட்பார், காய்கறி நறுக்குவார், பத்திரிகை படிப்பார். அவ்வளவுதான். மனசு லேசாகிறது என்கிறார். தம்மைப் பெண்ணாகவே உணரும் திருநங்கையருக்கு 2014ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, 2015ல் கேரள அரசு நாட்டிலேயே முதலாவதாகக் கொள்கை வகுத்தது. நண்பர் தாம் அப்படியல்ல என்கிறார். தமக்கு என்ன பெயர் என்று தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை என்கிறார். பதினைந்து வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரிந்த ஒரே ஜீவன் அவர் வீட்டு நாய்.

முதல் நாள் அதுவும் குரைத்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி, "என்ன சாரே, கள்ளனா?" என்று கேட்க, இவர் கதவுக்குப் பின்னாலிருந்தே, "ஒன்றுமில்லை, பெருச்சாளி" என்று சமாளித்தாராம். கை நடுக்கம் அடங்க ஒரு மணி நேரம் ஆனதாம். பிறகு தாமே பழக்கினார். முதலில் புடவையைத் தரையில் போட்டு முகரவிட்டார். அதன் கண் முன்னாலேயே கட்டினார். கட்டும்போதே பேச்சுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற கால்நடை நண்பரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பழகிய பிறகு நாய் அவர் காலடியிலேயே படுத்துக்கொள்ளும். படியில் யார் காலடி கேட்டாலும் அவருக்கு முன்பே தலையைத் தூக்கும். அதுதான் அவருக்குக் காவல்.

"அது ஒண்ணுதான் சார் என்னை ஏன்னு கேட்காதது" என்றார்.

போன வருஷம் ஒரு நாள் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். வீட்டுக்காரியின் காலடிக்கு நாய் ஏன் தலையைத் தூக்கப்போகிறது? வாலை மட்டும் ஆட்டியது. அவரிடம் வேறொரு சாவி இருந்தது. கதவு திறந்தது. நண்பர் கையில் அரிவாள்மணையும் வெண்டைக்காயுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை. காலடியில் சுருண்டு படுத்திருந்த நாயைத்தான் வெகுநேரம் பார்த்தாராம். தபால்காரர் குடை பிடித்து வந்தாலே ஊரைக் கூட்டுகிற நாய் அது.

"எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாராம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. நாலு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்து பார்த்தபோது பட்டுப் புடவைகள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்திருந்தது. பழைய நூல் புடவைகள் இரண்டு மட்டும் மடித்துக் கீழ்த்தட்டில் வைத்திருந்தது. அது கோபமா, சம்மதமா என்று நண்பருக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.