மூச்சு வழியே ஜெபம்

மனப்பாடமான வார்த்தைகள் எதுவும் இல்லை. கண்களை மூடி, தோள்மீது துணி படுவதை உணர வேண்டும். நாசியில் காற்று உரசிச் செல்வதைக் கவனிக்க வேண்டும். பம்பாயில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார் ஆன்டனி டி மெலோ 1978ல் வெளியிட்ட ‘சாதனா’ நூலின் ஆரம்பப் பயிற்சிகள் இவை. அலைபாயும் மனதை நிகழ்கணத்தில் நிறுத்துவதே நோக்கம். அடுத்த கட்டத்தில், மூச்சோடு இறைவனையே உள்ளிழுப்பதாக எண்ணச் சொல்கிறார் அவர்.

கிறிஸ்தவத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. மூச்சுக்கு ஒரு சொல்லாக ஜெபிக்கும் முறையை, ஏசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 16ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்திருக்கிறார்.

ஆனாலும் ரோமுக்குத் தயக்கம் இருந்தது. உடல் தரும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என 1989ல் வாடிகன் கடிதம் ஒன்று எச்சரித்தது. டி மெலோ இறந்தது 1987ல். 1998ல் அவரது சில கருத்துகள் கத்தோலிக்க விசுவாசத்துக்குப் பொருந்தாதவை என்று வாடிகன் அறிவித்தது. ஆரம்பகால நூல்கள் மட்டும் கிறிஸ்தவ ஆன்மிக எல்லைக்குள் இருந்ததாக அதே அறிவிப்பு ஒப்புக்கொண்டது.

மூச்சைக் கவனிப்பது ஜெபத்துக்கு வாசலா, அல்லது அதுவே ஜெபமா? அதுவே ஜெபம் என்றார் டி மெலோ.