கடல் கடந்தவரின் வரவு செலவு

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனப் பரப்பு 24,504 ஏக்கர். மேட்டில் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். இந்த இரு பாசனங்களுக்கும் நடுவே இருக்கும் கோபிசெட்டிபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 60,000. நெல்லும் மஞ்சளும் வாழையும் விளையும் நிலம் இடம் பெயராது. அதன் வாரிசுகள் பெயர்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரே பேச்சில் இரண்டையும் சொல்வார்கள்: அங்கே வசதி இருக்கிறது, மனசு இங்கே இருக்கிறது, ஆனால் திரும்பி வந்து என்ன செய்வது? இந்த இரு மனத்தின் சுவடு கணக்குகளில் எங்கெங்கே பதிந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

2015 தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின் மதிப்பீட்டில் வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டவர் 22 லட்சம் பேர். மாவட்ட வரிசையில் சென்னைக்கு அடுத்த இடம் கோவைக்கு. மாநிலத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் அனைவரும் அனுப்பிய தொகை ஆண்டுக்கு ரூ.61,843 கோடி, மாநில நிகர உற்பத்தியில் 14 சதவீதத்துக்கு ஈடானது. 2011-இல் மாநில மக்கள்தொகை 7.21 கோடி. அதாவது, மக்கள்தொகையில் 3 சதவீதத்துக்குச் சமமானவர்கள் 14 சதவீதத்துக்கு ஈடான பணத்தை அனுப்பினார்கள். ஆளுக்குச் சராசரி ஆண்டுக்கு ரூ.2.81 லட்சம், மாதத்துக்கு ரூ.23,400. சவுதி அரேபியக் கட்டுமானத் தொழிலாளியும் அமெரிக்க மென்பொருள் பொறியாளரும் இந்த ஒரே சராசரிக்குள் அடங்குகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சராசரியின் உள்ளடக்கம் மாறி வருகிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுகளின்படி, நாட்டுக்கு வரும் பணத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 2016-17-இல் 26.9 சதவீதம், 2023-24-இல் 19.2 சதவீதம். இதே காலத்தில் அமெரிக்காவின் பங்கு 22.9-இலிருந்து 27.7 சதவீதமாக உயர்ந்தது. பெறும் மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு 8.0-இலிருந்து 10.4 சதவீதமானது. வளைகுடாவுக்குப் போனவர் ஒப்பந்தம் முடிந்தால் திரும்பியாக வேண்டும். அமெரிக்காவுக்குப் போனவர் அங்கேயே தங்கவும் வழியுண்டு. திரும்புவது கட்டாயமாக இருந்த நாடுகளிலிருந்து, அது விருப்பமாக இருக்கும் நாடுகளை நோக்கிப் பணத்தின் ஊற்று நகர்கிறது. முன்பு விசா முடித்துவைத்த கேள்வியை இப்போது மனிதரே முடிக்க வேண்டியிருக்கிறது.

வந்த பணம் என்ன ஆகிறது? 2016-17 ஆய்வின் விடை: ரூ.100-இல் ரூ.59.20 குடும்பச் செலவு; ரூ.20 வங்கி வைப்பு. நிலம், பங்கு போன்ற முதலீடுகளுக்கு ரூ.8.30. அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்குப் போவது, நிலமும் பங்குகளும் வாங்கப் போவதைப்போல் ஏழு மடங்கு. இது லாபம் தேடும் பணம் என்பதைவிடக் கடமை அறிந்த பணம் என்பதே பொருந்தும்.

எதிர்த் திசையிலும் பணம் ஓடுகிறது. தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் இந்தியர்கள் வெளியே அனுப்பிய தொகை 2014-15-இல் 130 கோடி டாலர்; 2023-24-இல் 3,170 கோடி டாலர். உள்ளே வந்தது முறையே 6,980 கோடி, 11,870 கோடி டாலர். வரவு 100 டாலர் என்றால், முன்பு 2 டாலர் வெளியே போனது. 2023-24-இல் 27 டாலர். இதில் சுற்றுலாவும் பங்கு முதலீடும் அடக்கம். ஆனாலும் 2023-24-இல் படிப்புக்கு மட்டும் 348 கோடி டாலரும், நெருங்கிய உறவினர் பராமரிப்புக்கு 461 கோடி டாலரும் போயின. ஊரில் இருக்கும் பெற்றோரும் இந்தக் கணக்கில் செலவாளிகள்தான்.

குடியுரிமைக் கணக்கு இன்னும் தெளிவானது. 2011-இல் இந்தியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் 1,22,819 பேர், 2022-இல் 2,25,620, 2024-இல் 2,06,378. 14 ஆண்டுகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 20.86 லட்சம். அதே வேளையில், 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைகள் 2022 தொடக்கத்திலேயே 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அட்டை பெற்றவர்களில் அயலில் பிறந்த பிள்ளைகளும் உண்டு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. கடவுச்சீட்டை ஒப்படைத்த கையே அட்டைக்கும் விண்ணப்பிக்கிறது என்பதை மட்டும் இந்த எண்கள் காட்டுகின்றன.

முடிவெடுக்க விரும்பினாலும் முடியாதவர்கள் உண்டு. அமெரிக்கா வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குத் தரும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைகள் 1,40,000. ஒரு நாட்டுக்கான உச்சவரம்பு 7 சதவீதம், அதாவது 9,800. 2023-இல் கேட்டோ நிறுவனத்தின் மதிப்பீட்டில் வரிசையில் நின்ற இந்தியர்கள் சுமார் 11 லட்சம் பேர். நேர் வகுத்தலில் 112 ஆண்டுகள். பிற நாடுகள் பயன்படுத்தாத இடங்கள் சில ஆண்டுகளில் இந்தியர்களுக்குக் கிடைப்பதால் உண்மைக் காலம் வேறாகலாம். ஆனால் அது ஒருவரின் பணிக்காலத்துக்குள் அடங்குமா என்ற ஐயம் நீங்காது. வீடு வாங்கிக் கடன் கட்டுபவரும் அங்கே தற்காலிகர்தான்.

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கு வாக்குரிமை 2010 திருத்தச் சட்டத்தால் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர், அதாவது 2.5 சதவீதம். அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். தமிழ்நாடு உள்பட நாட்டின் மற்றப் பகுதிகள் அனைத்திலும் பதிவானவர்கள் 29,535, வாக்களித்தவர்கள் 288, 1 சதவீதத்துக்கும் குறைவு. இதை அக்கறையின்மை என்று படிக்க அவசரப்பட வேண்டாம். சொந்தத் தொகுதியின் சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும் என்பதே விதி.

கோபிக்காரருக்கு உறைக்கும் கணக்கு நிலம். அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் அட்டைதாரரும் வீடு வாங்கலாம். விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், சுமார் 1.85 ஏக்கர். இரு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 0.93 ஏக்கர். வெளிநாட்டில் இருப்பவர் அந்த 0.93 ஏக்கரைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடலாம், விற்கலாம். பக்கத்துக் காட்டை வாங்கிச் சேர்க்க முடியாது. ஊர் நிலத்தின் மீதான உரிமை குறையலாம், வளர முடியாது. இந்தியக் குடியுரிமையோடு திரும்பிவந்து குடியேறினால் மட்டுமே இந்தத் தடை விலகும்.

மொழியிலும் இரு திசைகள். சிங்கப்பூரில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 2010-இல் 3.3 சதவீதம், 2020-இல் 2.5 சதவீதம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மறுபுறம், ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலரை 2018-க்குள் திரட்டிக் கொடுத்ததில் அயலகத் தமிழர்களின் பங்கு பெரிது. தமிழ்நாடு அரசு ரூ.10 கோடி தந்தது. பொதுவெளியில் மொழிக்குக் கொடை சேர்கிறது. வீட்டுக்குள் அதன் புழக்கம் குறைகிறது.

கடைசிக் கணக்கு நாட்கள். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021 மதிப்பீட்டில் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள். 2019-21 குடும்பநல ஆய்வில் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8; இருவரில் ஒருவர் போனாலே வீட்டில் பாதி காலி. 60 வயதுப் பெற்றோருக்கு இன்னும் 18 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆண்டுக்கு ஒரு முறை 3 வாரம் வரும் பிள்ளை 9 முறை வருவார். மொத்தம் 189 நாட்கள். 18 ஆண்டுகளின் 6,570 நாட்களில் இது 2.9 சதவீதம். ஆண்டுதோறும் வந்தால் 378 நாட்கள், 5.8 சதவீதம்.

இந்த எண்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. 112 ஆண்டு வரிசையில் நிற்பவர் ஊருக்கு வந்தால், மீண்டும் விசா முத்திரை கிடைக்குமா என்ற அச்சத்தோடு வருகிறார். அந்த அச்சம் 2.9 சதவீதத்தில் பிரதிபலிக்கிறது. அயல்நாட்டு வரிசையை நம்மால் குறைக்க முடியாது. வாக்கைக் குறித்து ஒன்று செய்யலாம்: மின்னணு வழியில் அஞ்சல் வாக்குச்சீட்டு அனுப்பும் வசதியைத் தேர்தல் ஆணையம் 2020-இலேயே பரிந்துரைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டார் கேட்க வேண்டியது வேறு. மாதம் ரூ.23,400-ஐக் கூட்டச் சொல்வதைவிட, இரண்டு மாதப் பணத்தைக் குறைத்தாவது அதைப் பயணச்சீட்டுக்கு ஒதுக்கச் சொல்வது மேல். அது ரூ.46,800, அதற்கு ஈடாகக் கிடைப்பது 21 நாட்கள்.