மூடித் திறந்தால்தான் முடியும் அப்டேட்

பிரவுசர் அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது. புதிய பதிப்பு இணையத்திலிருந்து இறங்கிக் கணினிக்குள் வந்து காத்திருப்பது முதல் கட்டம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பு மூடப்பட்டு, புதியது திறப்பது இரண்டாம் கட்டம். முதலாவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, பிரவுசரை யாராவது மூடினால்தான் நடக்கும். பாதுகாப்பு ஓட்டை அடைபடுவது அப்போதுதான். எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பியிருக்கும் இடங்களில் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

2008 செப்டம்பரில் வெளிவந்த கூகுள் குரோம், அப்டேட் வேலையைத் தனியாக ஒரு நிரலிடம் ஒப்படைத்தது. பிரவுசர் மூடியிருந்தாலும் அந்த நிரல் அவ்வப்போது கூகுளின் சர்வரைக் கேட்டுப் பார்க்கும். புதியது இருந்தால் இறக்கும், கூகுளிடமிருந்து வந்ததுதானா என்று சரிபார்க்கும். ஒவ்வொரு முறையும் முழுப் பதிப்பையும் இறக்க வேண்டியதில்லை. 2009இல் குரோம் குழு காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், சுமார் 10 எம்பி வரும் முழு அப்டேட், மாறிய பகுதியை மட்டும் பிரித்தனுப்பும் முறையில் 80 கேபிக்குள் அடங்கிவிட்டது. அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு இது ஓரளவு பதில். ஃபயர்பாக்ஸ் 2005இல் வந்த 1.5ஆம் பதிப்பிலிருந்தே தானாக அப்டேட் ஆகிறது. விண்டோஸில் அது மூடியிருக்கும்போதும் அப்டேட் ஆகும் வசதி 2021இல் வந்தது.

2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்கு வாரம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் உண்டு. குரோமின் அடிப்படை நிரல் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருத்தம் வெளியானதும் அதைப் படித்தே ஓட்டை எங்கிருந்தது என்று திருடர்கள் கண்டுபிடித்துவிட முடியும். அதன் பிறகு அடிபடுவது இன்னும் அப்டேட் ஆகாத கணினிகள்தான். 2023 செப்டம்பரில் வெளிப்பட்ட வெப்பி (WebP) பட வடிவக் கோளாறு அவசரத்துக்கு இன்னொரு சான்று. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் அதைக் கண்டறிந்து சொன்னபோது, திருடர்கள் ஏற்கனவே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும், கணினிக்குள் நுழைய வழி கிடைக்கும். குரோம் 11ஆம் தேதியும் ஃபயர்பாக்ஸ் மறுநாளும் திருத்தம் வெளியிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போன்ற ஊர்களின் பிரவுசிங் சென்டர்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் இது நேரடியான விஷயம். செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலிருந்து சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருபவரின் ஆதார் எண்ணும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு விண்ணப்பிப்பவரின் பாஸ்வேர்டும் ஒரே கணினி வழியாகப் போகின்றன. அந்தக் கணினியை இரவில் அணைக்காமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டு, காலையில் நேற்றைய டேப்களோடு வேலையைத் தொடங்கினால், இறங்கிய அப்டேட் நாள்கணக்கில் பயனில்லாமல் கிடக்கும். குரோம் இதை வலது மேல் மூலையில் நிறத்தால் காட்டுகிறது. பச்சை என்றால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள், சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. கடை சாத்தும்போது பிரவுசரை முழுதாக மூடும் பழக்கம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அதைச் செய்ய எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

விண்ணப்பம் பாதி நிரப்பியிருக்கும்போது எல்லாம் மூடிக்கொண்டது என்ற குறை அடிக்கடி கேட்கிறது. சாதாரணக் கணினியில் குரோமோ ஃபயர்பாக்ஸோ அப்டேட்டுக்காகத் தானாக மூடிக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது விண்டோஸின் வேலை. விண்டோஸ் அமைப்புகளில் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாது. அப்டேட்டுக்காக பிரவுசரே காட்டும் 'ரீலாஞ்ச்' பொத்தானை அழுத்தினால் டேப்கள் திரும்ப வரும். ஆனால் இன்காக்னிட்டோ சன்னல்கள் வராது, பாதி நிரப்பிய படிவத்தையும் நம்ப முடியாது. அதனால் 'சப்மிட்' கொடுத்து ரசீது எடுத்த பிறகு மூடுவதே சரி.

அப்டேட்டை நிறுத்தி வைக்க நியாயமான காரணங்களும் இருந்திருக்கின்றன. அரசு மின்-டெண்டர் தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் இட ஒரு காலத்தில் ஜாவா இணைப்பு தேவைப்பட்டது. குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் அந்த இணைப்புக்கான ஆதரவை விலக்கின. டெண்டர் போட வேண்டியவருக்குப் பழைய பிரவுசரே வேண்டியிருந்தது. நிறுவனங்களுக்கென 2012 முதல் வரும் ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் இந்த மாதிரிச் சிக்கலுக்குத்தான் உதவுகிறது. புதிய வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தவறாமல் வரும். குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் பழையது கட்டாயம் என்றால், அதற்கு மட்டும் ஒரு பிரவுசரும் மற்ற எல்லாவற்றுக்கும் அப்டேட் ஆன இன்னொன்றும் வைத்துக்கொள்வது நல்லது. வங்கி வேலையைப் பழையதில் செய்யவே கூடாது.

ஃபயர்பாக்ஸில் அமைப்புகளின் பொதுப் பகுதியில், தானாக நிறுவு என்றும், இருக்கிறதா என்று பார், நிறுவுவதை நான் முடிவு செய்கிறேன் என்றும் இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஒருபோதும் பார்க்காதே' என்ற தேர்வை மொசில்லா 2018இல் எடுத்துவிட்டது. குரோமில் சாதாரணப் பயனருக்கு நிறுத்தும் பொத்தானே இல்லை. உதவிப் பகுதியில் 'குரோம் பற்றி' பக்கத்தைத் திறந்தால் அந்த நிமிடமே சோதித்து அப்டேட் செய்யும். அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர், எந்த மணி முதல் எந்த மணி வரை அப்டேட் வேண்டாம் என்று விதி போட்டுவைக்க முடியும்.

செல்போனில் பிளே ஸ்டோர்தான் இதைக் கவனிக்கிறது. 'வைஃபையில் மட்டும்' என்று அங்கே தேர்ந்திருந்து, வீட்டில் வைஃபையே இல்லாவிட்டால் பிரவுசர் தானாக அப்டேட் ஆகாமலே கிடக்கும். அப்படிப்பட்டவர்கள் குரோமையும், செயலிகளுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் மட்டுமாவது அவ்வப்போது கையால் அப்டேட் செய்ய வேண்டும். 2021 மார்ச்சில் வெப்வியூவில் ஏற்பட்ட கோளாறால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது உண்மை. அதைச் சரிசெய்ததும் அடுத்த அப்டேட்தான்.

பழைய கணினிகளின் நிலைதான் கவலைக்குரியது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுக் கணினிகள் விண்டோஸ் 7, 8 காலத்தவை. அந்த விண்டோஸ்களுக்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109தான் கடைசி. அதில் தானியங்கி அப்டேட் இருந்தும் வருவதற்கு எதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் 115 அவற்றுக்குக் கூடுதல் காலம் கைகொடுத்தது. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்பாக்ஸின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகும்போது, பழைய பதிப்புகளில் ஆட்-ஆன்கள் செயலிழக்கும் என்று மொசில்லா முன்கூட்டியே எச்சரித்தது. இத்தகைய கணினியில் லினக்ஸ் நிறுவினால், புதிய பிரவுசரோடு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

அப்டேட்டின் பெயரால் நடக்கும் மோசடியும் உண்டு. ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது, 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே சொடுக்குங்கள்' என்று பக்கத்தின் நடுவில் அறிவிப்பு வந்து ஒரு கோப்பை இறக்கச் சொன்னால் அது போலி. உண்மையான அறிவிப்பு பிரவுசரின் மெனுவில் வரும். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, 'குரோம் பற்றி' பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும்.