வயிற்றுவலி மாத்திரையும் வீண் பழியும்

எங்கள் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தாய்வீடு வந்திருந்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை. அதற்கு 'டவுன் சிண்ட்ரோம்' என்று சொல்லிவிட்டார்களாம். ஊரே கௌமாரியம்மன் கோயிலில் இருக்க, இவள் திண்ணையில் அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா பாவி. உண்டானது தெரியாம, தூரத்து வலின்னு நெனச்சு ரெண்டு நாள் மாத்திரை போட்டேன். அதனாலதான் பிள்ளை இப்படின்னு அத்தை சொல்லிக்கிட்டே இருக்காக."

மறுநாளே தேனியில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். மாமியாரையும் விடவில்லை!

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள். இந்தக் குழந்தைக்கு 47. இருபத்தொன்றாவது வகையில் ஒன்று கூடுதல். 1959-லேயே பிரான்சில் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் இந்தப் பிசகு கருமுட்டை உருவாகும்போதே நடந்துவிடுகிறது. கரு உண்டான பிறகு விழுங்கிய மாத்திரை அதை எப்படிம்மா சேர்க்கும்? தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும். 25 வயதில் சுமார் 1,250 பேரில் ஒருவருக்கு; 40-ல் நூற்றில் ஒருவருக்கு. சின்ன வயதுக்காரிக்கும் வரலாம். யார் குற்றமும் இல்லை."

அவள் சாப்பிட்ட மாத்திரையில் இருந்தது டைசைக்ளோமின். தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. அமெரிக்காவில் கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்குக் கொடுத்த 'பெண்டெக்டின்' மாத்திரையிலும் 1976 வரை இது சேர்ந்திருந்ததாம். குழந்தைக்கு ஊனம் வந்தது அதனால்தான் என்று வழக்குமேல் வழக்கு வந்து, 1983-ல் கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. ஆனால் ஆராய்ச்சிகள் பலவற்றிலும் அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதிலிருந்த மற்ற இரண்டு மருந்துகளின் கலவைக்கு 2013-ல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது.

அதற்காக நாமே கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாமா? கூடாது. வலி மாத்திரைகள் பலவற்றில் மெஃபெனமிக் அமிலமும் சேர்ந்திருக்கும். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு அது ஆகாது. நாள் தள்ளியிருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வயிறு வலித்து அழுதால், டைசைக்ளோமின் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம், மூச்சுத்திணறல் வரக்கூடும்.

இந்தப் பிள்ளைகளில் சுமார் பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கலாம் என்பதால், இதய ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் நடக்கவும் பேசவும் பழகுவானாம்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் வாயே திறக்கவில்லை. வீரபாண்டி வந்ததும், "பிள்ளையை என்கிட்ட குடுத்தா, நீ பாத்து இறங்கு" என்றார். அன்றுதான் அந்தப் பெண் வயிறாரச் சாப்பிட்டாள்.